தேனீயின் முழங்கால்

9 நவம்பர் 2025, ஞாயிறு
ஹாஸ்டல், ராசிபுரம் தாண்டி

என் அம்மாவுக்கு,

நான் நலம். அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்று போனில் சொன்னீர்கள். காலுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதம் எப்படி வந்தது என்று பயப்பட வேண்டாம். எங்கள் ஹாஸ்டல் சமையலறையில் கந்தம்மாள் அக்கா என்று ஒருவர் இருக்கிறார். வெண்ணந்தூரிலிருந்து தினமும் பள்ளி வேனில் வருகிறவர். நான் எழுதிக் கொடுப்பதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய், மருமகளை விட்டுப் படம் எடுத்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவார். இங்கே வேலை செய்கிறவர்களின் போனைக்கூட வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் நீங்களும் காகிதத்தில் எழுதிப் படம் எடுத்து அந்த எண்ணுக்கே அனுப்புங்கள். ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, கறிவேப்பிலைப் பையின் அடியில் வைத்துக் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். யாரிடமும் சொல்லாதீர்கள். நாலு ரோட்டுப் பெரியம்மாவிடம்கூட. தெரிந்தால் எனக்கு டி.சி. கொடுத்துவிடுவார்கள். அக்காவுக்கு வேலை போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு நிமிடம் பேசுவது எனக்குப் பேசியது மாதிரியே இல்லை அம்மா. வார்டன் மேடம் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பின்னால் பதினேழு பேர் வரிசையில் நிற்கிறார்கள். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், படிக்கிறாயா, படிக்கிறேன். நீங்கள் விமானம் ஏறும்போது நான் எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது பிளஸ் ஒன். நடுவில் ஒரே ஒரு தடவை பன்னிரண்டு நாள் வந்தீர்கள். அதில் நான்கு நாள் உங்களுக்குக் காய்ச்சல்.

போன வாரம் நீங்கள் இங்கிலீஷ் சந்தேகம் கேட்டதும் மேடம் ஒரு நிமிடம் கூடக் கொடுத்தார், கவனித்தீர்களா? அதனால் நிறையச் சந்தேகம் கேளுங்கள். நீங்கள் கேட்ட இரண்டையும் லைப்ரரியில் இருக்கிற பெரிய டிக்ஷனரியில் பார்த்துவிட்டேன். 'அண்டர் தி வெதர்' என்றால் உடம்பு சரியில்லாத என்று பொருள். மழை வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 'ஃபுல் ஆஃப் பீன்ஸ்' என்றால் துள்ளலாக, உற்சாகமாக இருக்கிற. எங்கள் ஆங்கில மிஸ்ஸிடம் கேட்டேன். இப்படி மூன்று நான்கு வார்த்தை சேர்ந்து ஒரே பெயரடையாக ஒரு ஆளைச் சொல்லுமாம். வார்த்தையைத் தனித்தனியாகப் பிரித்தால் ஒன்றும் கிடைக்காதாம். பேச்சில் மட்டும்தான் வருமாம், பாடப்புத்தகத்தில் வராதாம்.

குளியலறை விளக்கில் எழுதுகிறேன். யாரோ வருகிற சத்தம் கேட்கிறது. அப்பா போர்வெல் ரிக் வண்டியோடு ஒடிசாவில்தான் இருக்கிறார், பொங்கலுக்கு வருவாராம்.

உங்கள் மகள்
ஜோஸ்லின்


16 நவம்பர் 2025

ஜோஸி கண்ணுக்கு அம்மா எழுதுவது,

உன் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு நாளாகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'ழ' இன்னும் சின்ன வயதில் போட்ட மாதிரியே கொக்கி போட்டு எழுதுகிறாய். திட்ட வேண்டும் என்று முதலில் நினைத்தேன், இப்படித் திருட்டுத்தனமாக எழுதுகிறாயே என்று. மூன்றாவது தடவை படித்த பிறகு திட்ட மனம் வரவில்லை. கந்தம்மாள் அம்மாவுக்கு என் நன்றியைச் சொல். மாட்டிக்கொள்ளாதே.

பீன்ஸ் விஷயத்தில் என் மானம் போனது. இங்கே ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட் ஏறும்போது எல்லோரும் பத்து நிமிடம் வட்டமாக நிற்போம். 'ஹேண்டோவர்' என்று பெயர். முதியோர் இல்லத்தில் இருக்கிற முப்பத்தொரு பேரைப் பற்றியும் போகிறவள் வருகிறவளிடம் ஆளுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள். கடகடவென்று சொல்வாள். அந்த இரண்டு வார்த்தையை வைத்துத்தான் அன்றைக்கு நாங்கள் ஓட வேண்டும். மார்கரெட் அம்மாள் ஃபுல் ஆஃப் பீன்ஸ் என்றார்கள். பாவம், வயிறு உப்பிப் போயிருக்கிறது என்று நினைத்து, சமையலறைக்குப் போய் ஒரு வாரத்துக்கு அவருக்குப் பீன்ஸ் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் தட்டைப் பார்த்து ஒரு வாரமாகச் சண்டை போட்டிருக்கிறார். நீ சொன்ன பிறகுதான் கிறிஸ்டினிடம் சொன்னேன். அவள் என்னோடு வேலை செய்கிறவள். சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இன்னொன்று சிரிக்கிற மாதிரி இல்லை. ஆர்தர் ஐயா என்று ஒருவர், எண்பத்தெட்டு வயது. செவ்வாய்க்கிழமை அவரைப் பற்றி 'டச் அண்ட் கோ' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தொட்டுப் பார், போ என்பதா? எனக்கு விளங்கவில்லை. நான்தான் எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறவள் ஆயிற்றே. திரும்பக் கேட்க வெட்கம். புரியாத வார்த்தை சொன்னால் அந்த ஆள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவது என் வழக்கம். கூடவே இருந்தால் தப்பு வராது, விட்டுப் போனால் வரலாம். அன்றைக்கு இரவு முழுக்க அவர் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அது என்ன அர்த்தம் என்று பார்த்துச் சொல். 'ஹை மெயின்டனன்ஸ்' என்பதும், 'லெய்ட் பேக்' என்பதும்.

போனில் தேடினால் வராதா என்று கேட்பாய். வரும். பத்து அர்த்தம் வரும். நீ ஒன்று சொன்னால் அது மனதில் நிற்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா?

உன் அம்மா
ஃபாத்திமா


22 நவம்பர் 2025

அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் லேசாகக் கறிவேப்பிலை வாசம் அடித்தது. ஏழு தடவை படித்தேன். இப்போது ரசாயனப் புத்தகத்தின் அட்டைக்குள் இருக்கிறது.

'டச் அண்ட் கோ' என்றால் பிழைப்பாரா மாட்டாரா என்று சொல்ல முடியாத நிலையில் இருக்கிற. நீங்கள் உட்கார்ந்திருந்ததுதான் சரி. அர்த்தம் தெரிந்திருந்தாலும் அதைத்தானே செய்திருப்பீர்கள்? 'லெய்ட் பேக்' என்றால் எதற்கும் பதறாத. 'ஹை மெயின்டனன்ஸ்' என்றால் கூடவே ஒரு ஆள் நின்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டிய, சுலபத்தில் திருப்திப்படாத. இதைக் கந்தம்மாள் அக்காவிடம் சொன்னேன். "அப்ப அது நம்ம மெஸ்சு கிரைண்டரு சாமி. நாளுக்கு ஒருக்கா மெக்கானிக்கு வேணும்" என்றார்.

அவருக்கு நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறார் என்றேன். "அதுக்கு ஏரோப்ளேன் ஏறிப் போகோணுமா? எங்கூட்டுக்கு வந்தா எங்க மாமியாளப் பாத்துக்கலாமில்ல" என்றார். நான் சிரித்துவிட்டேன். பிறகு வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது அது உண்மைதானே என்று தோன்றியது. வெண்ணந்தூர் இங்கிருந்து அரை மணி நேரம். நீங்கள் வெண்ணந்தூரில் வேலை செய்தால் எப்படி இருக்கும் என்று ஒரு பீரியட் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். இயற்பியல் சார் எழுப்பி நிற்க வைத்துவிட்டார்.

இங்கே ஒன்று நடந்தது. என் பக்கத்துக் கட்டில் தனப்பிரியாவின் தலையணை உறையில் ஒரு கடிதம் கிடைத்தது. அவள் அண்ணனுக்கு எழுதியதுதான், வேறு ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் முன்னால் முட்டி போட வைத்து, அதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். அவள் "அண்ணா, எனக்கு இங்க சோறு இறங்கல" என்கிற இடம் வந்ததும் நின்றுவிட்டாள். "ம், மேல" என்றார் வார்டன். மறுநாள் அவள் அப்பா அப்புசாமி எருமப்பட்டியிலிருந்து வந்து வராந்தாவில் இரண்டு மணி நேரம் நின்றார். அவரையும் உட்காரச் சொல்லவில்லை. அன்றையிலிருந்து ராத்திரி காலடிச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மார்ச்சோடு உங்கள் மூன்று வருஷம் முடிகிறது. வந்துவிடுவீர்கள்தானே? போனில் கேட்க முடியவில்லை, மேடம் இருக்கிறார். காலண்டரில் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

ஜோஸ்லின்


4 டிசம்பர் 2025

ஜோஸி,

அந்தப் பிள்ளை தனப்பிரியாவை நினைத்து இரண்டு நாள் மனசே சரியில்லை. நீ ஜாக்கிரதை. படித்ததும் கிழித்துவிடு, அட்டைக்குள் வைக்காதே.

ஆர்தர் ஐயா போன வியாழன் இறந்துவிட்டார். என் டூட்டியில்தான். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், எப்போது விட்டார் என்று எனக்கே தெரியவில்லை. எனக்குப் பெயர் கொடுத்த ஃபாத்திமா மாதாவை வேண்டி மூன்று செபமாலை முடித்திருந்தேன். அவர் என்ன சபையோ, நம் சாமியிடம் சொன்னால் கேட்காமலா போய்விடும். மறுநாள் அவருடைய மகள் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் தமிழிலேயே அழாதம்மா அழாதம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச் பற்றிக் கேட்டாய். சொல்கிறேன். மேனேஜர் கேரல் அம்மா போன வாரம் என்னைக் கூப்பிட்டு இன்னும் மூன்று வருஷத்துக்குக் காகிதம் தயார், சீனியராகப் போடுகிறோம், ஜனவரி ஐந்துக்குள் கையெழுத்துப் போட முடியுமா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டாமல் வந்தது இதுதான் முதல் தடவை. அப்பாவிடம் கேட்டேன். உன் இஷ்டம் என்கிறார். அவர் எப்போதும் அப்படித்தான்.

முந்தாநாள் துணி துவைக்கிற அறைக்குள் போகப் போனேன். உள்ளே கேரல், கிறிஸ்டின், இன்னும் இரண்டு பேர். "ஃபாத்திமா" என்று என் பெயர் கேட்டது. நின்றேன். "ஷீ இஸ் தி பீஸ் நீஸ்" என்றார் கேரல். எல்லோரும் சிரித்தார்கள். நான் துணிக்கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். எழுத்துக் கூட்டிப் பார்த்தால் தேனீயின் முழங்கால் என்று வருகிறது. தேனீக்கு முழங்கால் இருக்கிறதா என்ன? என்னைக் கேலி செய்தார்களா, வேறு ஏதாவதா? கிறிஸ்டினிடம் கேட்டால் ஒட்டுக்கேட்டேன் என்று ஆகிவிடும்.

பைத்தியக்காரத்தனம்தான், இருந்தாலும் சொல்கிறேன். சேலத்தில் பதினெட்டு வருஷம் ஒரே ஆஸ்பத்திரியில் டூட்டி பார்த்தேன். ஏம்மா, இந்தாம்மா என்று கூப்பிட்டார்களே தவிர, இவள் எப்படி வேலை செய்கிறாள் என்று ஒரு டாக்டர்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. இங்கே இவர்கள் என்னைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்தால், கையெழுத்துப் போடலாமா, மூட்டை கட்டலாமா என்று எனக்கே தெரிந்துவிடும் போல இருக்கிறது. பார்த்து எழுது.

உன் அம்மா


6 டிசம்பர் 2025, சனி

அம்மா அம்மா அம்மா,

இப்போதுதான் லைப்ரரியிலிருந்து வந்தேன். பீ என்கிற வார்த்தைக்குக் கீழே மூன்றாவது வரியில் இருந்தது. உங்களைக் கேலி செய்யவில்லை. 'தி பீஸ் நீஸ்' என்றால் மிகச் சிறந்த, இவரைப் போல இன்னொருவர் இல்லை என்கிற மாதிரியான. ரொம்பப் பிடித்தவர்களைப் பற்றித்தான் அப்படிச் சொல்வார்களாம். மிஸ்ஸிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன், யாரைச் சொன்னார்கள் என்று கேட்டார், எங்கள் அம்மாவை என்றேன், மிஸ் என் கன்னத்தைத் தட்டினார். அவர்கள் சிரித்தது சந்தோஷத்தில் சிரித்தது. ஆர்தர் ஐயாவோடு நீங்கள் உட்கார்ந்திருந்ததைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கிறது தெரியுமா? இனி நீங்கள் தைரியமாகக் கையெழுத்து


7 டிசம்பர் 2025

அம்மாவுக்கு,

நலம். அரையாண்டுப் பரீட்சை புதன்கிழமை ஆரம்பம்.

நீங்கள் கேட்டதைப் பார்த்தேன். தேனீயின் முழங்கால் என்றால் கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது இல்லையா. ஒன்றுக்கும் உதவாத, இருந்தும் இல்லாத மாதிரியான ஆளை அப்படிச் சொல்வார்கள். வருத்தப்படாதீர்கள். அவர்களுக்கு உங்கள் அருமை தெரியவில்லை.

இங்கே எங்களுக்குத் தெரியும்.

ஜோஸ்லின்


14 டிசம்பர் 2025

ஜோஸி கண்ணு,

பரீட்சை நேரத்தில் இதையெல்லாம் பார்த்துச் சொன்னதற்கு நன்றி. உனக்கு எழுத எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று புரிகிறது. மறைக்காமல் சொன்னாயே, அதுவே போதும்.

வந்துவிடுகிறேன். கேரல் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஐந்தாம் தேதி போய்ச் சொல்லிவிடுவேன். அதற்கு முன்னால் சொன்னால் ஏன் ஏன் என்று கேட்பார்கள், பதில் சொல்ல எனக்கு இங்கிலீஷ் பத்தாது. மார்ச் கடைசியில் சேலத்தில் இருப்பேன். குருத்து ஞாயிறுக்கு நாம் மூன்று பேரும் சேர்ந்து கோவிலுக்குப் போகலாம். பழைய ஆஸ்பத்திரியில் மறுபடி சேர்த்துக்கொள்வார்களா என்று பெரியம்மாவை விட்டு விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

டீ நேரத்தில் இப்போது அவர்களோடு உட்காருவதில்லை. துணி மடிக்கிற வேலை இருக்கிறது என்று போய்விடுகிறேன். கிறிஸ்டின் வந்து "ஆர் யூ ஓகே" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். முகத்தைப் பார்த்தால் நல்லவள் மாதிரிதான் இருக்கிறாள். முகத்தை வைத்து என்ன தெரியும்.

ஹேண்டோவரில் நான் சொல்ல வேண்டிய முறை வந்தால் இப்போதெல்லாம் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். பேசினால் தப்பு வரும்.

நீ கட்டம் போட்டு வைத்திருக்கிற காலண்டரில் மார்ச் 28 என்று வட்டம் போட்டுக்கொள்.

அம்மா


28 டிசம்பர் 2025, ஞாயிறு

அம்மாவுக்கு,

இதை ஜனவரி ஐந்தாம் தேதிக்கு முன்னால் நீங்கள் படித்தே ஆக வேண்டும். கந்தம்மாள் அக்கா இன்று இரவே அனுப்பிவிடுகிறேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். கேட்டில் இப்போது பையைக்கூடத் திறந்து பார்க்கிறார்கள். இடுப்பு முடிச்சில் வைத்துக்கொண்டு போகிறேன் என்கிறார்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார்களே, பெரியம்மா வீட்டில் வீடியோவில் உங்களைப் பார்த்தேன். சீருடையிலேயே இருந்தீர்கள், பக்கத்தில் வெறும் சுவர். பின்னால் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் திரும்பியே பார்க்கவில்லை. முன்பெல்லாம் போனைத் திருப்பி இது மார்கரெட், இது கிறிஸ்டின் என்று காட்டுவீர்கள். பெரியம்மா, "என்ன ஃபாத்திமா, மூஞ்சி இப்படி வத்திப்போச்சு, அதான் வரப்போறியே" என்றார். "ஆமாக்கா, வரப்போறேன்" என்று சொன்னீர்கள். பெரியம்மா வீட்டில் எல்லோரும் கேக் சாப்பிட்டுக்கொண்டே பேசினார்கள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் இருந்தார்கள். இல்லை, யாரும் இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

இன்று மதியம் தட்டு கழுவப் போனபோது அக்கா ஒன்று சொன்னார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பள்ளியின் கரஸ்பாண்டன்ட் மெஸ்ஸில் சாப்பிட்டாராம். "'இந்த ரசம் ஆரு வெச்சது?'ன்னு கேட்டாரு சாமி. நான் கதவுக்குப் பின்னால நிக்கிறேன். சமையல் மாஸ்டரு நாந்தான்னு சொல்லாம, கந்தம்மாங்கன்னு சொல்லிப்போட்டாரு. அன்னைக்கு வேன்ல ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் காலு தரைல படல. இன்னைக்கும் ஒடம்பு முடியலீன்னா அதைத்தான் நெனச்சுக்குவேன்" என்றார். சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டுச் சிரித்தார். கையில் இருந்த தட்டைக் கழுவாமலே வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

அம்மா, நான் பொய் எழுதினேன். 'தி பீஸ் நீஸ்' என்றால் ஒன்றுக்கும் உதவாத என்பது இல்லை. மிகச் சிறந்த, இவரைப் போல இன்னொருவர் இல்லை என்கிற மாதிரியான என்று பொருள். டிக்ஷனரியில் அப்படித்தான் போட்டிருக்கிறது. மிஸ்ஸும் அதையேதான் சொன்னார். முதலில் உண்மையைத்தான் எழுதினேன். கையெழுத்து என்கிற வார்த்தை வந்ததும் பேனா நின்றுவிட்டது. இன்னும் மூன்று வருஷம் என்றால் நான் காலேஜ் போய்விடுவேன். அதற்குப் பிறகு நீங்கள் வந்து என்ன என்று தோன்றியது. அந்தக் காகிதத்தைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் இன்னொன்று எழுதினேன்.

வார்டனிடம் மாட்டிக்கொள்வதற்குத்தான் இதுவரை பயந்தேன். இப்போது நீங்கள் இதைப் படிக்கப்போகிற நிமிடத்தை நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது. அவர்கள் உங்களைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தையை நான் எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டேன். கிறிஸ்டின் முகம் உண்மையாகவே நல்ல முகம்தான். போய் அவரோடு டீ குடியுங்கள்.

ஐந்தாம் தேதி உங்களுக்கு எது சரியென்று தோன்றுகிறதோ அதைச் செய்யுங்கள்.

ஜோஸ்லின்


6 ஜனவரி 2026

ஜோஸ்லினுக்கு,

ஒரு வாரம் பதில் எழுதாமல் இருந்தது வேலையால் அல்ல. கோபத்தால்.

பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது உன் கடிதம் வந்தது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டேன். பக்கத்தில் இருந்தவர் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார். மூன்று வாரம், ஜோஸி. மூன்று வாரம் நான் அந்த இல்லத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டு நடந்திருக்கிறேன். போன் இருபத்து நாலு மணி நேரமும் கையில்தான் இருக்கிறது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட நானாகத் தேடிப் பார்க்கவில்லை. பெற்ற பிள்ளை பார்த்துச் சொன்ன பிறகு எதற்குத் தேட வேண்டும்?

அன்றைக்கே கிறிஸ்டினிடம் போய் என் காதில் விழுந்ததைச் சொன்னேன், கதவுக்கு வெளியே நின்றது உட்பட. அவள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கேரல் அம்மா முன்னால் நிறுத்தினாள். அவர் இரண்டு முறை வாய்விட்டுச் சொன்னார், எனக்கு விளங்க வேண்டும் என்று மெதுவாக. என் மகள் மொழிபெயர்த்துக் கொடுத்தாள் என்று மட்டும் சொன்னேன். தப்பாகச் சொன்னாள் என்று சொல்லவில்லை. அவர்களுக்கு அது தெரிய வேண்டாம்.

நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்று வருஷம். மே மாதம் ஒரு மாத விடுமுறை கொடுக்கிறார்கள், வருகிறேன். மார்ச் 28 வட்டத்தை அழித்துவிடு.

ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். நீ உண்மையைச் சொன்னாய், நானும் சொல்கிறேன். உன் படிப்புக்காகத்தான் போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன், பங்குச் சாமியாரிடம்கூட. அது பாதி. மறுபாதி எனக்காக. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கே நான் ஒரு ஆள். காலையில் உள்ளே நுழைந்தால் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அம்மா ஒருத்தி இப்படி நினைக்கலாமா என்று மூன்று வருஷமாக எனக்குள்ளேயே வைத்திருந்தேன். வேலை பிடித்தது என்பதால் உன்னை விட்டுவிட்டேன் என்று ஆகாது. ஆனால் உனக்கு அது அப்படித்தான் இருந்திருக்கும்.

இனி உன்னிடம் அர்த்தம் கேட்க மாட்டேன். தண்டனை என்று நினைக்காதே. முப்பது பேருடைய உயிர் அந்த இரண்டு வார்த்தையில் இருக்கிறது. அதைப் பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் வைத்தது என் தப்பு. புரியாவிட்டால் கிறிஸ்டினிடம் வாய் திறந்து கேட்டுக்கொள்கிறேன். கடிதம் எழுதுவதை நிறுத்த மாட்டேன்.

உன் கடிதம் எல்லாவற்றையும் எடுத்து வைத்து வரிசையாகப் படித்தேன். ராத்திரி காலடிச் சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். நான் அதற்குத் தலைக்கு எண்ணெய், சாப்பாடு, ஜாக்கிரதை என்று எழுதியிருக்கிறேன். உனக்கு அங்கே என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று நான் கேட்கவே இல்லை. வந்துவிடுவீர்கள்தானே என்று நீ கேட்டிருக்கிறாய். வாருங்கள் என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. என்னிடம்தான் கற்றுக்கொண்டாய் போல, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே ஒன்று வைத்துக்கொள்வது. வேண்டும் என்பதை வேண்டும் என்றே எழுது. என்னால் முடியாததாக இருந்தாலும் எழுது. முடியாது என்றால் முடியாது என்று நான் சொல்கிறேன். அதைத் தாங்கிக்கொள்ள இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டது.

கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மே மாதத்துக்குள் போய்விடும்.

அம்மா


11 ஜனவரி 2026, ஞாயிறு

அம்மாவுக்கு,

வாருங்கள்.

கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்று தெரியும். மே மாதம்தான், அதுவும் ஒரு மாதம்தான் என்று தெரியும். நீங்கள் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

எனக்கு இந்த ஹாஸ்டல் வேண்டாம். இங்கே ராத்திரி எனக்குப் பயமாக இருக்கிறது. பெரியம்மா வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போக வேண்டும். உங்களிடம் தினமும் பேச வேண்டும், யாரும் எதிரில் உட்காராமல்.

நீங்கள் அங்கே நன்றாக இருக்க வேண்டும். நீங்கள் இங்கே இருக்க வேண்டும். இரண்டும் வேண்டும் அம்மா.

எது முடியாது என்று நீங்கள் எழுதுங்கள்.

ஜோஸி